யார் தேடியது?

அத்தியாயம் பதினொன்று

தமிழ்வாணியைப் போன வாரம் நாம் கம்ப்யூட்டருக்கு முன்னால் வாயடைத்து உட்கார்ந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். அவள் அதற்குப் பிறகு வீட்டுக்குப் போனாள், குழம்பு வைத்தாள், எல்லோருக்கும் போட்டுத் தானும் சாப்பிட்டாள். மனசு மட்டும் அந்தத் திரையை விட்டு வரவில்லை.

மறந்தவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். சிம்மக்கல்லுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிளை நூலகத்தில் தமிழ்வாணி உதவியாளர். புத்தகத்துக்கு எண் ஒட்டி, அலமாரியில் அடுக்கி, எடுத்துக் கொடுத்தே பாதி வயதைக் கழித்தவள். இப்போது அவள் கையில் மவுஸ் வந்திருக்கிறது. புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் தேடிச் சொல்ல வேண்டும், வாசகர் கேட்டால் இணையத்தில் எது வேண்டுமோ எடுத்துக் காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சொல்லிக் கொடுக்க மைத்ரேயி என்ற பெண் வந்து போகிறாள்.

"உங்க மெயில் ஐடி போட்டு உள்ள போங்க மேடம்" என்று முதல் நாளே மைத்ரேயி சொன்னாள். தமிழ்வாணிக்கென்று ஐடி கிடையாது. வீட்டு ஐடியைப் போட்டாள். தீபாவளி ஆஃபரில் போன் வாங்கியபோது, அவள் கணவர் உக்கிரபாண்டியின் பெயரில் கடைக்காரர் போட்டுக் கொடுத்தது அது. ரேஷன் கார்டு மாதிரி மெயில் ஐடியும் குடும்பத்துக்கு ஒன்று என்பதுதான் அந்த வீட்டின் எண்ணம். கடைக்காரரும் அவசரத்தில் அதை மறுக்கவில்லை.

அந்த ஐடியில் உட்கார்ந்து தேடல் பெட்டியைத் தொட்டபோதுதான் கீழே ஒரு வரி வந்து நின்றது.

'ஒரு சிறுநீரகத்துடன் எத்தனை வருடம் வாழலாம்.'

அவள் அதைத் தேடவே இல்லை. "இந்த ஐடில முன்னாடி தேடினதுதான் மேடம் கீழ வரும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மைத்ரேயி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். தமிழ்வாணி அங்கேயே நின்றுவிட்டாள்.

உக்கிரபாண்டியின் தம்பி அழகுபாண்டிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்பது நமக்குத் தெரியும். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாமல் உசிலம்பட்டியில் மானாவாரிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். இப்போது டயாலிசிஸுக்காகச் செல்லூரில் அண்ணன் வீட்டு முன்னறையில் படுத்திருக்கிறார். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

கூட்டிக் கழித்துப் பார்க்கத் தமிழ்வாணிக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தம்பிக்கு அண்ணன் கொடுக்கப் போகிறார். அதுவும் கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியாமல்.

*

அதனால்தான் இன்று காலை அவள் தோசைக்கல்லைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தபடியே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

உக்கிரபாண்டி சிம்மக்கல்லில் சாக்கு, தார்ப்பாய் மொத்தக் கடையில் மேலாளர். சத்தமாகப் பேசிப் பழகியவர். ஒரு வாரமாக வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறார், கை கழுவுகிறார், போய்விடுகிறார்.

"இன்னைக்கு எங்கயும் போறீங்களா?" என்றாள் தமிழ்வாணி.

"கடைக்குத்தான் போறேன். வேற எங்க போவேன்?"

"சும்மா கேட்டேன்."

"எதுக்குக் கேக்குற?"

"ஏன், கேக்கக் கூடாதா?"

அவர் பக்கத்தில் கிடந்த போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். இத்தனை நாளில் அந்தப் போனை அவர் கவிழ்த்து வைத்து இவள் பார்த்ததில்லை.

"நேத்து மத்தியானம் கடைக்குப் போன் பண்ணேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க."

"தம்பிக்கு மாத்திரை வாங்கப் போனேன்."

மாத்திரையை முந்தாநாள்தான் தமிழ்வாணி வாங்கி வைத்திருந்தாள். டப்பா ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், அவர் கை கழுவச் சட்டைக் கையை மடக்குவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடம் நீலம் பாரித்துக் கிடந்தது. ரத்தம் எடுத்த தழும்பு. அழகுபாண்டியின் கையில் அதை நிறையப் பார்த்திருக்கிறாள். புருஷன் கையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கல்லில் கிடந்த தோசையைத் திருப்ப மறந்தாள்.

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "மதினி, தோசை கருகுற வாடை இங்க வரைக்கும் வருது. அண்ணன்கூடச் சண்டையா?"

"இல்ல தம்பி. காப்பி வேணுமா?"

"அர டம்ளர் போதும் மதினி. எனக்கு அம்புட்டுதான் அனுமதி. மிச்சத் தண்ணியக் கடைசில மாத்திரைக்கு வச்சுக்கிறணும்."

ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் அளந்து விட்டிருந்தார். கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து குடித்துப் பழகிய மனிதர், அதையும் ஒரு வேடிக்கையாகவே பேசுவார். அவரைத் தமிழ்வாணிக்குப் பிடிக்கும். அவர் பிழைக்க வேண்டும் என்று தினம் ஒரு தடவையாவது சாமியைக் கேட்டுக்கொள்கிறாள். ஆனால் அதற்குத் தன் புருஷனின் வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்றால் அவளால் சம்மதிக்க முடியவில்லை. அப்படி ஒரு மனசு தனக்கு இருப்பதில் அவளுக்கு வெட்கமும் இருந்தது.

உக்கிரபாண்டி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மகள் சத்யப்ரியா அடுக்களைக்குள் வந்தாள். ஆடிட்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிற பெண். மேலூரில் மாப்பிள்ளை பேசி முடித்து, ஆவணியில் நிச்சயம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் கையும் போனும் பிரிவதில்லை. மேலூர்க்காரனோடு பேசுகிறாள், பேசட்டும் என்று தமிழ்வாணி கண்டுகொள்வதில்லை.

"ம்மா, அப்பா ஏன் சரியாச் சாப்பிடாமப் போறாரு?"

"உங்கப்பாவுக்கு வேற பசி வந்துருக்கு. சித்தப்பாவுக்கு இவரு கிட்னி குடுக்கப் போறாரு போல."

சத்யப்ரியா சட்டென்று போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா சொன்னாரா?"

"சொன்னாத்தான் தெரியுமா? எனக்குக் கண்ணு இல்லையா?"

"யாராவது குடுத்தாத்தானம்மா சித்தப்பா பொழைப்பாரு."

"குடுக்கட்டும். நான் என்ன குறுக்கயா நிக்கிறேன்? இந்த வயசுல உங்கப்பா வேணாம். வேற யாராச்சும் குடுக்கட்டும்."

"வேற யாரும்மா இருக்கா?"

"ஊர்ல உலகத்துல மனுசங்களே இல்லையா?"

சத்யப்ரியா குரலைத் தாழ்த்தி, "சித்தப்பா இங்கயே இருக்கட்டும்லம்மா?" என்று கேட்டாள்.

கல்லில் அடுத்த தோசையும் புகைந்துவிட்டது. "ஐயோ, இதப் பாரு. எதுனாலும் வந்து பேசுவோம், போடி" என்றாள் தமிழ்வாணி, தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டே.

"சரிம்மா. நான் இன்னைக்கு வர லேட்டாகும்."

தமிழ்வாணி தலையை மட்டும் ஆட்டினாள். கவனமெல்லாம் முழங்கைத் தழும்பிலேயே இருந்தது.

*

நூலகத்தில் காலைக் கூட்டம் செய்தித்தாள் மேஜையோடு முடிந்துவிடும். மைத்ரேயி அன்று சீக்கிரமே வந்து, இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் பழைய நூல்களுக்குள் ஒரு சொல்லைத் தேடி எடுப்பது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் தமிழ்வாணி ஆசையாகக் கற்றுக்கொண்டிருப்பாள். அச்சே இல்லாமல் போன புத்தகங்கள் திரையில் பக்கம் பக்கமாக விரிவது அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. இன்று அவளுக்கு வேறு பாடம் தேவைப்பட்டது.

"மேடம், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க கேட்டாங்க" என்று தமிழ்வாணி ஆரம்பித்தாள். நமக்குச் சிரிப்பு வரும். மைத்ரேயிக்கும் வந்திருக்கும், ஆனால் நல்ல பெண், காட்டிக்கொள்ளவில்லை. "இந்தப் பெட்டில நாம தேடாததெல்லாம் வருதே, அது எங்க தேடுனது?"

"பக்கத்துல கடிகாரப் படம் இருக்கு பாருங்கோ மேடம். அது இருந்தா, இதே ஐடில யாரோ ஏற்கெனவே தேடியிருக்கான்னு அர்த்தம். ஐடி எத்தனை போன்ல இருக்கோ அத்தனைலயும் வரும்."

"அங்க தேடுறது இங்க தெரியுமா?"

"தெரியும். நீங்க இங்க தேடறதும் அங்க தெரியும்." மைத்ரேயி கொஞ்சம் யோசித்தாள். "இது வீட்டு ஐடியா மேடம்? அப்படின்னா வேண்டாமே. உங்களுக்குன்னு தனியா ஒண்ணு இப்பவே போட்டுத் தரேன்."

அந்தப் பெண் மவுஸை நோக்கி நீட்டிய கையைத் தமிழ்வாணி அவசரமாகத் தடுத்தாள்.

"நாளைக்குப் போட்டுக்கலாம். இன்னைக்கு ஒரு நாள் இது இருக்கட்டும்."

புருஷன் மனசுக்குள் எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் கிடைத்திருக்கிறது. அதை உடனே சாத்திவிட எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும், சொல்லுங்கள். மைத்ரேயி அடுத்த கிளைக்குப் புறப்பட்டுப் போனதும் தமிழ்வாணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியைத் தொட்டாள்.

பழைய வரிக்கு மேலே புதிதாக ஒன்று வந்திருந்தது.

'சிறுநீரக தானம் கொடுக்க வீட்டார் சம்மதம் வேண்டுமா.'

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. காலையில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போன மனிதர், கடையில் போய் உட்கார்ந்து இதைத் தேடியிருக்கிறார். சம்மதம் வேண்டாம் என்று பதில் வந்தால் நேரே போய்ப் படுத்துவிடுவாரோ என்னவோ. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவளிடம் கேட்க வேண்டியதை ஒரு பெட்டியிடம் கேட்கிறார். அவளுக்குக் கோபத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது.

போனை எடுத்தாள்.

"உடனே லைப்ரரிக்கு வாங்க."

"நானே வரணும்னுதான் இருந்தேன்" என்றது மறுமுனை. குரலில் கொஞ்சமும் கனிவில்லை. "எனக்கும் உன்ட்ட ஒன்னு கேக்கணும். லோடு எறங்கிட்டு இருக்கு. முடிச்சிட்டு வாரேன்."

இவர் என்ன கேட்கப் போகிறார்? செய்வதையும் செய்துவிட்டுக் கேள்வி வேறா? தமிழ்வாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

உக்கிரபாண்டிக்கு முன்னால் ஹாலாஸ்யம் வந்தார். ரிட்டையரான ஸ்கூல் வாத்தியார். தினமும் வருகிற வாசகர். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, அதில் உள்ள தப்புகளைத் தமிழ்வாணியிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

"அம்மா, போன வாரம் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொன்னேளே, அதை இன்னொரு தரம் எடுக்க முடியுமா? போன் நம்பர் எழுதின துண்டுச் சீட்டை எங்கயோ வச்சுட்டேன்."

"எது சார்?"

"அதான், படுத்த படுக்கையா இருக்கறவாளைப் பார்த்துக்கற இல்லம். ஆத்துக்காரி பட்டுவுக்கு இடுப்பு எலும்பு கூடறதா இல்லை. ராத்திரி அவளைத் தூக்க என்னால முடியலை. பையன் அமெரிக்காலேர்ந்து போன்ல தைரியம் மட்டும் சொல்றான்." அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. "அவளை அங்க விடணுமேன்னு நினைச்சா சோறு எறங்கலை. ஆனா கேட்டு வச்சுக்கணுமோல்லியோ."

தன் பாடே பெரும்பாடாக இருந்தாலும் தமிழ்வாணிக்கு அவர் முகத்தைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். 'நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் இல்லம் மதுரை.' வந்த நம்பரை எழுதிக் கொடுத்தாள். ஹாலாஸ்யம் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு செய்தித்தாள் மேஜைக்குப் போனார்.

அவர் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டியிருக்கக்கூட மாட்டார். வாசலில் உக்கிரபாண்டி நின்றார். சட்டையெல்லாம் சாக்குத் தூசி. கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தார்.

"இதுக்குத்தான் என்னைய வரச் சொன்னியா?"

"மெதுவாப் பேசுங்க. இது லைப்ரரி."

"நான் கடையை விட்டு எறங்கித் தெருவத் தாண்டல, அதுக்குள்ள மறுபடியும் தேடியிருக்க. நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் இல்லம்." அவர் வாசித்த விதத்தில் ஒவ்வொரு சொல்லும் கடித்துத் துப்பியதுபோல் வந்து விழுந்தது. "போன வாரமும் இதே. என் போன்ல வந்து நிக்கிது. எந்தம்பி உனக்கு அம்புட்டு பாரமாப் போயிட்டானா, வாணி? என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உசிலம்பட்டிக்கே கூட்டிட்டுப் போய் நான் பாத்துருப்பேன்ல?"

தமிழ்வாணிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியானால் ஒரு வாரமாக இவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டது இதனால்தான். போனைக் கவிழ்த்து வைத்தது இதனால்தான்.

"அந்தா உக்காந்துருக்காரே, கண்ணாடி போட்டுக்கிட்டு, அவருகிட்டப் போய்க் கேளுங்க" என்றாள். "அவரு சம்சாரத்துக்கு இடுப்பு ஒடிஞ்சு படுக்கைல கெடக்கு. அவருக்குத் தேடிக் குடுத்தேன். இங்க தேடுறது உங்க போன்ல வரும்னு எனக்கு இன்னைக்குக் காலைலதான் தெரியும்."

உக்கிரபாண்டி திரும்பிப் பார்த்தார். ஹாலாஸ்யம் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கி, இன்னார் என்று தெரியாமலே கை கூப்பினார். உக்கிரபாண்டியும் போனை மேஜை மேல் வைத்துவிட்டுக் கூப்பினார். கூப்பிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்" என்றார்.

"நெனப்பீங்க. கேக்க மட்டும் மாட்டீங்க. இப்ப நான் கேக்குறேன், சொல்லுங்க. கையில என்ன தழும்பு?"

அவர் முழங்கையைப் பொத்திக்கொண்டார். அறுபது கிலோ மூட்டையைத் தோளில் வாங்கிய மனிதர் ஊசித் தழும்பை மறைக்கிற அழகைப் பார்க்க அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தம்பிக்குக் குடுக்கலாமான்னு பாக்கப் போனேன்" என்றார் மெதுவாக. "உன்ட்டச் சொன்னா அழுவ. முடிவு தெரிஞ்சிட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நேத்து முடிவு சொல்லிட்டாங்க. எனக்குச் சுகர் இருக்காம். ஆகாதுன்னுட்டாங்க."

"ஆகாதா?"

"ஒரே ஆத்தா வயித்துல பொறந்தும் அவனுக்கு ஆகாமப் போயிட்டேன் பாரு."

தமிழ்வாணிக்கு அப்பாடா என்று இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி அந்தப் பக்கம் வைத்தது மாதிரி இருந்தது. சுகர் என்ற சொல்லுக்குக்கூட அவள் பயப்படவில்லை. அதற்கு மாத்திரை இருக்கிறது, வாயைக் கட்டினால் போதும். புருஷன் முழுசாகத் திரும்பி வந்துவிட்டார்.

"அதுக்காகத் திருட்டுத்தனமாத் தேடணுமா? வீட்டார் சம்மதம் வேணுமான்னு இன்னைக்குக் காலைல தேடுனீங்களே, நேத்தே ஆகாதுன்னு சொல்லிட்டாங்கள்ல?"

உக்கிரபாண்டி புருவத்தைச் சுருக்கினார். "நான் எங்க தேடுனேன்? அது நீ தேடுனது."

"நானா?"

"என் போன்லயும் வந்துச்சு. நான் குடுக்குறதத் தடுக்க, பெண்டாட்டி சம்மதம் இல்லாட்டி நடக்காதுன்னு சட்டம் பாக்குறன்னு நெனச்சேன். ஒரு கிட்னியோட எத்தன வருசம்னு அன்னைக்கு வந்ததையும் நீதான்னு நெனச்சேன்." அவர் லேசாகச் சிரித்தார். "எனக்கு அதுல தமிழ் அடிக்கவே தெரியாது, வாணி. நான் வாயில சொல்லித்தான் தேடுவேன். அதுவும் சாக்கு வெலை."

தமிழ்வாணியும் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவர் தேடவில்லை. அவளும் தேடவில்லை. அப்படியானால்?

அவர் போன் மேஜை மேல், இருவர் கண் முன்னால் கிடந்தது. இவளுடையது பைக்குள் கிடந்தது. தமிழ்வாணி மவுஸை நகர்த்திப் பெட்டியைத் தொட்டாள். கீழே வரிசை விழுந்தது. இல்லம், சம்மதம், எத்தனை வருடம். எல்லாவற்றுக்கும் மேலே, கடிகாரப் படத்தோடு, சற்று முன் வரை இல்லாத ஒரு வரி.

'சிறுநீரகம் கொடுத்த பெண் குழந்தை பெறலாமா.'

இருவரும் அதைப் படித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. செய்தித்தாள் மேஜையில் ஹாலாஸ்யம் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"தீபாவளிக்குக் கடைக்காரன் எத்தன போன்ல இந்த ஐடியைப் போட்டான்?" என்றாள் தமிழ்வாணி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"மூணுலயும்."

"அவளுக்குத் தனியா ஒன்னு இருக்கே?"

"அது ஆபீஸுக்கு. அன்னைக்கு வாங்குன மூணு போன்லயும் இதான்."

உக்கிரபாண்டி போனை எடுத்து மகளுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. ஆபீஸில் கேட்டபோது சத்யப்ரியா இன்று லீவு என்றார்கள்.

இன்று வர லேட்டாகும் என்று அவள் காலையில் சொன்னது தமிழ்வாணிக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.

"தம்பியப் பாக்குற ஆஸ்பத்திரியோ, வேற எதுவோ, எங்கன்னு தேடுறது?" உக்கிரபாண்டி எழுந்து நின்றார், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

தமிழ்வாணி கீபோர்டை இழுத்தாள். நீங்க இங்க தேடறதும் அங்க தெரியும் என்று மைத்ரேயி சொல்லியிருந்தாள். ஒரு எழுத்தை அடித்து, தப்பாகி, அழித்து, மறுபடி அடித்தாள்.

'சத்யா அம்மா கேட்கிறேன் தேடுவது நீயா.'

அழுத்தினாள். சத்யா என்ற பெயருக்கு ராசி என்ன, நட்சத்திரம் என்ன என்று திரை என்னென்னவோ கொண்டுவந்து கொட்டியது. அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. பெட்டியைத் தொட்டாள். தன் கேள்வியே மேலே நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தொட்டாள். அப்போதும் அதுவே. உக்கிரபாண்டி அவள் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

மறுபடி தொட்டபோது அதற்கு மேலே ஒரு வரி ஏறியிருந்தது.

'சித்தப்பாவை இல்லத்தில் விடாதம்மா.'

தமிழ்வாணி வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் போனில் வந்தது மகள் போனிலும் வந்திருக்கிறது. ஒரு வாரமாக அந்தப் பெண்ணும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சித்தப்பா இங்கேயே இருக்கட்டும்லம்மா என்று அவள் வந்து கேட்டபோது, தான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

"அது நமக்கு இல்லைன்னு அடி" என்றார் உக்கிரபாண்டி. "சீக்கிரம் அடி, வாணி."

அடித்தாள். 'அது ஒரு வாசகருக்குத் தேடியது. சித்தப்பா நம் வீட்டில்தான் இருப்பார். நீ எதுவும் கொடுக்க வேண்டாம். உடனே வா.'

இத்தனை நீளமாக அவள் இதுவரை தமிழில் அடித்ததில்லை. அழுத்திவிட்டுப் பெட்டியைத் தொட்டாள். தொட்டுக்கொண்டே இருந்தாள்.

பதில் வந்தது.

'காலையில் நீதானம்மா சொன்ன. அப்பா வேணாம். வேற யாராச்சும் குடுக்கட்டும்னு.'

உக்கிரபாண்டி அதை ஒரு தரம் மனசுக்குள் படித்தார். இன்னொரு தரம் உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தார்.

"அவகிட்டயா அப்படிச் சொன்ன?"

தமிழ்வாணி மகளின் நம்பருக்குத் தன் போனிலிருந்து அடித்தாள். இப்போது மணிகூடப் போகவில்லை, சுவிட்ச் ஆஃப் என்றது. அவள் திரும்பி மவுஸைப் பிடித்துப் பெட்டியைத் தொட்டாள். அந்த வரிக்கு மேலே புதிதாக எதுவும் வரவில்லை.